கூடங்குளத்து ஆங்கிலம்: தெரிந்த சொல், தெரியாத பொருள்

2013 ஜூலை 13 இரவு பதினொரு மணிக்குச் சற்றுப் பிறகு, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 'கிரிட்டிக்கல்' ஆனது. செய்திகளில் அந்தச் சொல்தான் அடிபட்டது. ராதாபுரம் வட்டாரத்தில் அதைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் உறவினரைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் காத்திருப்பவர்கள், மருத்துவர் வாயிலிருந்து எந்தச் சொல் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்களோ, அதே சொல். அந்த ஒரு பொருளை மட்டும் தெரிந்துவைத்திருந்த ஒருவருக்கு 'உலை கிரிட்டிக்கல்' என்ற செய்தி வயிற்றைக் கலக்கியிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொறியாளர்களுக்கோ அது பல ஆண்டு உழைப்பு கைகூடிய நேரம்.

நல்ல ஆங்கில அகராதி ஒன்றில் இந்தச் சொல்லைத் தேடினால் நான்கைந்து வரையறைகள் வரிசையாக நிற்கும். குறை கண்டு பேசுவது ஒன்று. நூலையோ கலையையோ ஆராய்ந்து மதிப்பிடுவது இன்னொன்று. மிகவும் முக்கியமானது என்பது அடுத்தது. உயிருக்கு ஆபத்தான கட்டம் என்பது ஆஸ்பத்திரிப் பொருள். கடைசியில் இயற்பியல்: ஒரு நிலை மற்றொன்றாக மாறும் எல்லை. அணு உலையில் எத்தனை நியூட்ரான்கள் இழக்கப்படுகின்றனவோ அத்தனை நியூட்ரான்கள் புதிதாகப் பிறந்து, தொடர்வினை அறுபடாமல் தானே நடக்கத் தொடங்கும் நிலைக்கு அந்தப் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று பொருள்படும் ஒரே கிரேக்க வேர். நோயாளி பிழைப்பாரா என்பது தீர்மானமாகும் கட்டமும், நூல் தேறுமா என்று தீர்மானிக்கும் மதிப்புரையும், தொடர்வினை நிலைக்குமா என்பது தீர்மானமாகும் எல்லையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 'கிரைசிஸ்', 'கிரைட்டீரியன்' ஆகியவையும் அந்தக் குடும்பம்தான்.

ஆங்கிலச் சொல்வளம் வேண்டும் என்று ஆசைப்படும் தமிழர்கள் பெரும்பாலும் புதிய சொற்களைத் தேடித்தான் ஓடுகிறார்கள். 'நாளைக்குப் பத்துச் சொல்' புத்தகங்களும், போட்டித்தேர்வு கைடுகளும், யாரும் பேசாத கடினமான சொற்களைக் கொட்டிவைத்திருக்கும் செல்போன் செயலிகளும் அந்த ஓட்டத்துக்குத் தீனி போடுகின்றன. கூடங்குளம் போன்ற ஊரில் நிலைமையே வேறு. இங்கே ஆங்கிலச் சொல் தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1988 நவம்பரில் ஒப்பந்தம் போட்டதிலிருந்து இன்று வரை, செட்டிகுளம், விஜயாபதி, இடிந்தகரை, கூட்டப்புளி எல்லாம் ஆங்கிலச் சொற்களைக் காதால் கேட்டுக் கேட்டே பழகிய ஊர்கள். ஒலி ஏறிவிட்டது, பொருள் பாதிதான் ஏறியிருக்கிறது. மீதிப் பாதியை நிரப்புவதுதான் சொல்வளத்துக்கு மிகக் கிட்டத்தில் உள்ள வழி.

'யூனிட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். மின்வாரிய அட்டையில் எழுதப்படும் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அணுமின் நிலையத்தின் முதல் யூனிட், இரண்டாவது யூனிட் என்பவை ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறன்கொண்ட தனித்தனி உலைகள். முதல் யூனிட் முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் பத்து லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்ற வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. 'முழுமையான ஒன்றாகக் கருதத்தக்கது, பெரியதொன்றின் பகுதியாகவும் இருக்கக்கூடியது. அளப்பதற்கான நிலையான அளவு' என்ற இரண்டு வரி வரையறை மனதில் இருந்தால் சினிமா யூனிட், ரத்த வங்கியின் யூனிட், பாடப்புத்தகத்தின் யூனிட் எல்லாம் சிரமமில்லாமல் விளங்கிவிடும்.

'கமிஷன்' இன்னும் சுவையானது. நிலம் விற்றுக் கொடுத்தவருக்கு இரண்டு சதவீதம் கமிஷன். கலவரம் நடந்தால் விசாரணைக் கமிஷன். வாக்குப்பதிவுக்கு எலெக்ஷன் கமிஷன். இவற்றுக்கு நடுவே 'ரியாக்டர் கமிஷன் ஆகிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், காதில் விழுவோருக்கு எந்தக் கமிஷன் என்ற குழப்பம் வரத்தான் செய்யும். பொறுப்பை ஒப்படைத்தல் என்ற மூலப் பொருளிலிருந்துதான் அத்தனையும் கிளைத்திருக்கின்றன. ஒப்படைத்த வேலைக்கான கூலி, ஒப்படைத்த வேலையைச் செய்யும் குழு, முடிந்த இயந்திரத்தை இயக்கத்துக்கு ஒப்படைத்தல். முதல் உலை 2013 அக்டோபர் 22 அன்று மின்தொகுப்பில் இணைந்தாலும், வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31 அன்றுதான் தொடங்கியது. இந்த இரண்டு தேதிகளுக்கும் உள்ள வேறுபாடு, பயன்படுத்தப்படும் சொல்லின் வரையறையில்தான் அடங்கியிருக்கிறது.

'ட்ரில்' என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய தலைமுறைக்கு ட்ரில் மாஸ்டர் நினைவுக்கு வருவார். தச்சுப்பட்டறைக்காரருக்குத் துளைபோடும் கருவி. 2012 ஜூனில் கூடங்குளத்துக்கு அருகிலுள்ள நக்கநேரியில் நடந்தது இன்னொரு வகை: அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் மக்களை எப்படிக் காப்பது என்பதற்கான ஒத்திகை. ஆபத்து இல்லாதபோது, ஆபத்தில் செய்ய வேண்டியதை முறைப்படி செய்து பழகுவது என்ற வரையறை முன்கூட்டியே தெரிந்திருந்தால் 'எமர்ஜென்சி ட்ரில்' என்ற அறிவிப்பில் முதல் சொல்லைவிட இரண்டாவது சொல்லுக்கு எடை அதிகம் என்பது புரியும்.

'டோஸ்' தமிழில் திட்டு வாங்குவதற்கும் பெயர். கதிர்வீச்சில் உடல் ஏற்கும் அளவுக்கும் பெயர். அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் டோஸ் போகக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. அந்த வரம்பில் 'பேக்ரவுண்ட்' கதிர்வீச்சு, அதாவது மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே வருவது, சேராது. குடும்பப் பின்னணியையும் சினிமாப் பின்னணி இசையையும் குறிக்கும் அதே 'பேக்ரவுண்ட்'தான் இது. எப்போதும் பின்னால் இருந்துகொண்டே இருப்பது என்ற கரு மூன்றிலும் மாறவில்லை.

இந்தப் பட்டியலில் மிகவும் உறுத்துவது 'பாசிவ்'. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய ஒவ்வொருவரும் 'ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ்' மாற்றி எழுதியிருக்கிறார்கள். செய்வினை, செயப்பாட்டுவினை என்ற தமிழ்ப் பெயரும் தெரியும். ஆனால் 'பாசிவ்' என்ற தனிச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பட்டதாரிகள்கூடத் தயங்குவார்கள். தானாக எதையும் செய்யாமல், தன்மேல் நடப்பதை ஏற்றுக்கொள்வது. கூடங்குளம் உலைகளில் 'பாசிவ் ஹீட் ரிமூவல் சிஸ்டம்' என்ற ஏற்பாடு உண்டு. மின்சாரம் முழுக்க நின்றுபோனாலும், பம்ப் எதுவும் ஓடாமல், சூடான காற்று மேலே எழும் இயல்பைக் கொண்டே உலையின் வெப்பத்தை வெளியேற்றுவது அதன் வேலை. ஆண்டுக்கணக்கில் இலக்கண வகுப்பில் பழகிய ஒரு சொல்லின் பொருள் தெரியாததால், தன் ஊரில் உள்ள இயந்திரத்தின் மிக முக்கியமான பாதுகாப்பு அம்சம் ஒன்றைப் படித்தும் புரிந்துகொள்ள முடியாமல் போகிறது. இது மாணவர்களின் குறை அல்ல. விதியை மட்டும் சொல்லிக்கொடுத்து வரையறையைச் சொல்லாமல் விட்ட பாடமுறையின் குறை.

சொல்லுக்குப் பொருள் தெரிவதும் தெரியாததும் மதிப்பெண்ணோடு முடிந்துபோகும் விஷயமென்றால் இத்தனை பேச வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஒரு பெரிய திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்பு நடத்துமுன் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கூடங்குளம் உலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று அளித்த நீண்ட தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான். உலை வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் பொதுவான ஒரு தேவை உண்டு. தம் ஊரைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் திறன் அது. அந்தத் தீர்ப்பின் கடைசியில் உள்ள 15 உத்தரவுகளை இடிந்தகரையில் ஒரு பிளஸ் டூ மாணவி வீட்டாருக்கு வாசித்து விளக்க முடிந்தால், அவள் படித்த ஆங்கிலம் வீண்போகவில்லை என்று அர்த்தம்.

வரையறையை மனப்பாடம் செய்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டு ஒப்பித்தார்கள். திவாகரம் தொடங்கி மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு வரை, தமிழ் நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்தவை. மனதில் நிற்பதற்காகவே அவற்றைச் செய்யுளில் யாத்தார்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அந்தத் தொகுதியைத் தனிப் புத்தகமாகவே அச்சிட்டுப் பாடமாக வைத்திருந்தார்கள். ஒரே சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்பதைச் சிறுவயதிலேயே பழக்கிவிட வேண்டும் என்ற தெளிவு அந்த ஆசிரியர்களுக்கு இருந்திருக்கிறது.

வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதி, செய்யுளை விட்டு அகரவரிசைக்கு வந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. அதற்கு இரு நூற்றாண்டு கழித்து, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வந்தது. ஒரு லட்சத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிச் சீமைக்காரர். தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் தரும் அந்த லெக்சிகனை ஆங்கிலம் கற்பவர்களும் புரட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தமக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொல்லை எடுத்து, அதை ஆங்கிலத்தில் எத்தனை துல்லியமாக விளக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பது தனி இன்பம்.

ஆனால் எல்லா வரையறையும் கற்பவருக்குப் பயன்படாது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில், வலைப்பின்னல் என்ற எளிய சொல்லுக்குக் கொடுத்த விளக்கம் அதைவிடப் பலமடங்கு கடினமான லத்தீன் சொற்களால் ஆனது. ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் விளக்கம். அந்தச் சிக்கலுக்குத் தீர்வு பிறந்த இடம் நம் துணைக்கண்டம் என்பது பலர் அறியாத செய்தி. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திண்டாடுவதைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். விளக்கும் சொல், விளக்கப்படும் சொல்லைவிட எளியதாக இருக்க வேண்டும். விளக்குவதற்கென்று ஒரு சிறு சொற்பட்டியலை வகுத்துக்கொண்டு அதைத் தாண்டக் கூடாது. ஜேம்ஸ் எண்டிகாட்டோடு சேர்ந்து அவர் 1935-இல் வெளியிட்ட நியூ மெத்தட் அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி ஏறக்குறைய 2,000 சொற்களுக்குள் அதே முறையைக் கடைப்பிடித்தது. இன்று ஆங்கிலம் கற்பவர்களுக்காக வரும் நல்ல அகராதிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் டாக்காவுக்குக் கடன்பட்டவை.

இதன் நடைமுறைப் பயன் பெரிது. இரண்டாயிரம் எளிய சொற்கள் கைவசம் இருந்தால், மீதி ஆங்கிலத்தை ஆங்கிலத்தைக் கொண்டே கற்கலாம். பிளஸ் டூ முடித்த தமிழ் மாணவரிடம் அந்த இரண்டாயிரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே, தமிழ்நாட்டு வீடுகளில் அட்டை கிழிந்து கிடக்கும் லிப்கோ போன்ற ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதியில் பலர் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது நஷ்டம். தமிழ்ப் பொருள் சொல்லை அடையாளம் காட்டும். நடுவிலுள்ள ஆங்கில வரையறைதான் அதன் எல்லையைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வரையறை மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜ் மில்லரும் பாட்ரிசியா கில்டியாவும் 1987-இல் எழுதிய கட்டுரையில், அகராதியைப் பார்த்துப் புதிய சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னபோது பள்ளிப் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று காட்டினார்கள். அரித்துத் தின்னுதல் என்ற பொருள்கொண்ட 'எரோட்' என்ற சொல்லின் வரையறையில் வெளியே சாப்பிடுவதையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஒரு குழந்தை, தன் குடும்பம் அடிக்கடி 'எரோட்' செய்யும் என்று எழுதிவிட்டது. தூண்டுதல் என்ற பொருள்கொண்ட 'ஸ்டிமுலேட்' என்ற சொல்லின் வரையறையில் கிளறுதல் இருந்ததால், இன்னொரு குழந்தை சூப்பை 'ஸ்டிமுலேட்' செய்ய வைத்தது. பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். வரையறையில் தமக்குத் தெரிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு, புதிய சொல்லை அந்த இடத்தில் பொருத்தினார்கள். சொல் எந்தச் சூழலில் வாழ்கிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

திருநெல்வேலிக் கடற்கரைப் பிள்ளைக்கு 'எரோட்' என்ற சொல்லை அப்படித் தவறவிட வாய்ப்பே இருக்கக் கூடாது. கடல் கரையைத் தின்பதைக் கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள். தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று மீனவ ஊர்கள் விடாமல் கேட்டுவருவது கடலரிப்புக்காகத்தான். 'காற்று, நீர் போன்றவை ஒன்றின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக அழித்தல்' என்ற வரையறையைப் படித்துவிட்டு, கடற்கரையைப் பார்த்து ஒரு வாக்கியம் எழுதினால் அந்தச் சொல் ஆயுசுக்கும் மறக்காது. 1987-இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி இதை உணர்ந்துதான் ஒவ்வொரு வரையறையையும் முழு வாக்கியமாக எழுதியது. சொல் பொருளோடு அதன் சூழலையும் சேர்த்துத் தருவதற்காக.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட ஆங்கிலச் சொற்கள் இங்கே தனிப் பொருள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. 'ஹோட்டல்' நமக்குச் சாப்பிடும் இடம். ஆங்கிலத்தில் தங்கும் இடம். வகுப்பில் கையைத் தூக்கி 'சார், ஒரு டவுட்' என்கிறார் மாணவர். அவர் கேட்பது விளக்கம். ஆங்கிலத்தில் அது நம்பிக்கையின்மையைக் குறிக்கும் என்பதால், வெளிநாட்டுப் பேராசிரியரிடம் அப்படிச் சொன்னால், அவர் தம் கூற்றையே இந்த மாணவர் ஏற்கவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார். 'கவர்' கேட்டால் கடைக்காரர் பை தருவார். 'கரண்ட்' என்றால் மின்சாரம். ஆனால் ஆங்கிலத்தில் அது முதலில் ஓட்டம். மீனவர்கள் நீரோட்டம், நீவாடு என்று சொல்வதும் அதுதான், கம்பியில் ஓடுவதும் அதுதான், நடப்புக் கணக்கு என்று வங்கியில் சொல்வதும் அதே சொல்தான். தமிழில் இவற்றுக்கு உள்ள பொருள் தவறென்று சொல்வதற்கில்லை. தமிழ் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது, அவ்வளவே. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஆங்கில வரையறையை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்பதற்கு நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். 'ஆக்ட், ஆக்ஷன், ஆக்டிவ்' போன்றவற்றை ஒரே குடும்பமாக எண்ணினால், செய்தித்தாளையும் நாவலையும் அகராதி இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 குடும்பங்கள் வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும். மலைக்க வேண்டாம். அடிக்கடி வரும் முதல் ஆயிரம் குடும்பங்களே எழுத்தில் முக்கால் பங்குக்கு மேல் அடைத்துக்கொள்கின்றன. நாளைக்கு ஐந்து என்று ஆண்டில் 300 நாள் படித்தால் 1,500. கல்லூரி முடிப்பதற்குள் கணிசமான தூரம் போய்விடலாம்.

படிப்பது சரி, நிற்க வேண்டுமே? இங்கேதான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படிப்பு என்று நினைக்கிறார்கள். 2008-இல் 'சயின்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் கற்பிக்கப்பட்டன. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது. அப்படித் திரும்பச் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டவர்களுக்கு, அவர்கள் தொடர்ந்து படித்துக்கொண்டே இருந்தபோதிலும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நின்றது. பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பதுதான் படிப்பு. நிகண்டு ஒப்பித்த பிள்ளைகள் செய்ததும் அதுவே.

மறப்பதற்குள் திரும்பிப் பார்ப்பது அடுத்தது. மறதி எப்படி நடக்கிறது என்று ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம்மையே சோதித்துப் பார்த்துச் சொன்னார்: முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் பெருமளவு போய்விடுகிறது, பிறகு மெதுவாக. ஆகவே, இன்று படித்ததை நாளை, பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் இதற்கு ஒரு பெட்டி முறையைப் பரப்பினார். சிறு அட்டையின் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதைத் தாமதமாகப் பார்த்தால் போதும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை நறுக்கினால் செலவே இல்லை.

ஒரு சொல்லைத் தனியாகப் பிடுங்காமல் வேரோடு எடுப்பது சொல்வளத்தை வேகமாகப் பெருக்கும். 'ரேடியஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குக் கதிர், சக்கர ஆரக்கால் என்று பொருள். அதிலிருந்து ரேடியேஷன், ரேடியோ, ரேடியம், வண்டியின் ரேடியேட்டர், வட்டத்தின் ஆரம். 'டீசாலினேஷன்' என்ற நீளமான சொல் அணுமின் நிலைய வளாகத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தின் பலகையில் இருக்கும்; நீக்கு, உப்பு, செயல் என்று மூன்றாகப் பிரித்தால் அது அப்படியே விளங்கிவிடும். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ மையத்தின் பெயரில் உள்ள 'ப்ரொபல்ஷன்', முன்னோக்கித் தள்ளுதல். அங்கே சோதிக்கப்படும் 'கிரையோஜெனிக்' எஞ்சின்களில் இருப்பது கடுங்குளிரைக் குறிக்கும் கிரேக்க வேர். 'ஆக்ட்' என்ற ஒற்றை வேரிலிருந்து ரியாக்டரும் வருகிறது, ரேடியோஆக்டிவும் வருகிறது, போராட்டக் களத்தில் நிற்கும் ஆக்டிவிஸ்டும் வருகிறார். 2011-இல் உலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது இந்தக் கடற்கரையில் எதிரெதிரே நின்ற ரியாக்டர், ஆக்டிவிஸ்ட் என்ற இரண்டு சொற்களுக்கும் தாய் ஒன்றுதான்.

சொற்களை வேர்வேராகப் பிரித்து ஒப்பிடும் வேலையை உலகுக்குச் செய்துகாட்டிய ராபர்ட் கால்டுவெல் இந்தப் பகுதியில்தான் வாழ்ந்தார். சென்னையிலிருந்து நடந்தே வந்து 1841-இல் இடையன்குடியில் குடியேறி, வளர்ந்த வயதில் தமிழைக் கற்றவர். 1856-இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் சொற்களின் அடிச்சொல்லைத் தேடிப் போவதில் கட்டப்பட்டது.

வேரோடு படிக்கச் சொல்வதால், ஒத்த சொற்களை எல்லாம் ஒரே நாளில் விழுங்கிவிடக் கூடாது. 'ஃபிஷன்' அணுவைப் பிளப்பது, கூடங்குளத்தில் நடப்பது. 'ஃப்யூஷன்' அணுக்களை இணைப்பது, சூரியனில் நடப்பது. இரண்டையும் ஒரே மாலையில் புதிதாகப் படித்தால் எது எது என்ற குழப்பம் நெடுநாள் விடாது. தாமஸ் டிங்கம் 1990-களில் நடத்திய சோதனைகளும் பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைக் கும்பலாகக் கற்பது கடினம் என்றே காட்டின. ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு மற்றொன்றைத் தொடலாம்.

பள்ளியில் நடப்பது இதற்கு நேர்மாறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளின் ஆங்கில வினாத்தாள் இணைச்சொல், எதிர்ச்சொல் கேள்விகளோடு தொடங்குகிறது. கைடில் உள்ள ஜோடிகளை நெட்டுருப் போட்டால் ஒரு மதிப்பெண் நிச்சயம். இரண்டு சொற்களில் எதற்குமே பொருள் தெரியாமல் அந்த ஜோடியைச் சரியாகக் குறித்துவிட முடியும் என்பதுதான் கவலைக்குரியது. அதே பாடநூலில் ஓரக் கட்டங்களில் எளிய ஆங்கிலத்தில் சொற்பொருள் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கச் சொல்ல ஆள் இல்லை.

ராதாபுரம் வட்டாரத்துப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, ஊரில் காதில் விழும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டிவரச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, மீன் ஏலக்கூடம், காற்றாலைப் பண்ணை, அணுமின் நிலையத்தின் அறிவிப்புப் பலகை, ஒப்பந்தத் தொழிலாளியாக வேலைக்குப் போகும் அண்ணனின் பேச்சு, எதிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரையறை, தமிழில் ஒரு பொருள், தன் ஊரை வைத்துத் தானே எழுதிய ஒரு வாக்கியம். வரையறையைக் கைடைப் பார்த்து எழுத வேண்டாம். கற்பவர் அகராதியைப் பார்த்து எழுதட்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் கற்பவர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டு முடிவில் எல்லா நோட்டுகளையும் சேர்த்து அகரவரிசைப்படுத்தினால் கூடங்குளத்துக்கென்றே ஒரு சிற்றகராதி கையில் இருக்கும். அதன் ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்திலும் இன்னொன்றை ஊர் நூலகத்திலும் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்.